செக்ரட்டரியம்மா வீட்டுக்காரர்

இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து ஸ்வர்ணலதா சிரிக்கும் சத்தம் இசக்கிமுத்துவுக்குக் கேட்டது. போனில்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குத் தெரிந்த அவள் சிரிப்பு ஒன்றே ஒன்றுதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. இது வேறு மாதிரி. தொண்டையைத் திறந்துவிட்ட சிரிப்பு. அவருடைய விரல் எண்ணெயில் அப்படியே நின்றுவிட்டது.

"யாரு போன்ல?" என்றார், அவள் வெளியே வந்ததும்.

"ரெஹான் தம்பி. நம்ம பேஸ்மென்ட் லைட்டப் பாக்க நாளைக்கு வாரானாம். பழைய டியூப் லைட்டையெல்லாம் கழட்டி எக்மோர் மியூசியத்துல குடுத்துருவோமா அக்கான்னு கேக்கான்."

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

ஸ்வர்ணலதா கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லதான்," என்றாள். தேங்காய்ச் சட்னியை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, இன்னொரு போன் வந்ததால் பால்கனிக்குப் போய்விட்டாள்.

இசக்கிமுத்து தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவுக்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்து, துணி மடிக்கிற வேலையில் தொடங்கி, மாடி முழுவதும் தன் ஒரு பார்வைக்கு அடங்கி நிற்கிற இடத்துக்கு வந்தவர். முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கல்யாணப் பட்டு எடுக்க வருகிற குடும்பங்கள் கீழே வாசலிலேயே "அண்ணாச்சி இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் லிப்டில் ஏறும். அவருடைய போன் ஓயாமல் அடித்த காலம் அது. இப்போது அது சாப்பாட்டு மேசை மேல் குப்புறக் கிடக்கிறது. அடிப்பதெல்லாம் ஸ்வர்ணலதாவின் போன்தான். லிப்ட் நின்றுவிட்டது, தண்ணி லாரி வரவில்லை, மாடி வீட்டில் ஏ.சி. தண்ணீர் சொட்டுகிறது. எல்லாவற்றுக்கும் அவள்தான். அவள்தான் குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி.

அந்தப் பதவி அவருக்கு வந்திருக்க வேண்டியது. சைதாப்பேட்டையில் பஜாரைத் தாண்டி ஆற்றுப் பக்கமாக இருக்கும் அந்த அடுக்ககத்தில் பழைய செக்ரட்டரி மகனோடு இருக்கப் புனேவுக்குப் போனதும், அடுத்தது யார் என்று பொதுக்குழு கூடியது. இசக்கிமுத்து அன்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தார். யாராவது தன் பெயரைச் சொல்வார்கள், "எனக்கெதுக்குங்க, சின்ன வயசுக்காரங்க யாராவது பாக்கட்டும்" என்று ஒருதடவை மறுக்க வேண்டும், இரண்டாவது தடவை வற்புறுத்தும்போது தலையசைக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். எதிர்வீட்டு ஹாஜிரா பீ எழுந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். "எப்பப் பாத்தாலும் ஆம்பளைங்கதானா? இந்த வாட்டி ஒரு லேடி வரட்டுமே. ஸ்வர்ணலதா இருக்காங்க இல்ல?" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். வேலை தங்கள் தலையில் விழாமல் தப்பித்த மகிழ்ச்சியில் இன்னும் பலமாகத் தட்டினார்கள். இசக்கிமுத்துவும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் கைகள் தட்டிக்கொண்டிருந்தன.

முதல் சில வாரங்கள் அவருக்கு ஒன்றும் குறையில்லை. ஸ்வர்ணலதா எல்லாவற்றையும் அவரிடம் கேட்டாள். வாட்ச்மேன் லீவு கேட்கிறான், கொடுக்கலாமா? இவர்கள் வண்டியை அவர்கள் இடத்தில் விட்டுவிட்டார்கள், என்ன சொல்ல? அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அது அப்படி இல்ல, நான் சொல்றதக் கேளு," என்று ஆரம்பிப்பார். பெயர்தான் அவளுக்கு, நடத்துவது நாம் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் அவள் கேட்பது குறைந்தது. கேட்காமலே ஒன்றைச் செய்துவிட்டு, "இப்படிப் பண்ணியாச்சு" என்று சாப்பிடும்போது சொல்ல ஆரம்பித்தாள். பேஸ்மென்ட் விளக்கு விஷயமும் அப்படித்தான் வந்தது.

வண்டி நிறுத்தும் அந்தக் கீழ்த்தளத்தில் இரவு பகல் என்றில்லாமல் டியூப் லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. வெள்ளம் வந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்து தூண்களில் பாதிக்கு நின்றதிலிருந்து பல விளக்குகள் சரியில்லை. சில துடித்துக்கொண்டே இருக்கும், சில ரீங்காரமிடும், சில செத்துக் கிடக்கும். பொது மீட்டரின் மின்கட்டணத்தைப் பார்த்து எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். ஸ்வர்ணலதா மறக்கவில்லை. மதியம் யாருமே இல்லாத நேரத்தில் கீழே போய் நின்று பார்த்திருக்கிறாள். "ஒரு ஈ காக்கா இல்ல. இத்தனை லைட்டும் யாருக்கு எரியுது?" என்றாள் அவரிடம்.

"வாட்ச்மேன்ட்ட சொன்னா அணைச்சுட்டுப் போறான்."

"அணைச்சா இருட்டுல பொம்பளைப் பிள்ளைங்க எப்படி வண்டி எடுக்கும்? ஆளு வந்தா எரியணும், போனா அணையணும். எல்இடில அப்படி இருக்காம். சென்சார் வெச்சது."

"உனக்கு யாரு சொன்னா?"

அப்போதுதான் ரெஹான் என்ற பெயர் முதல்முதலாக வீட்டுக்குள் வந்தது. ராயப்பேட்டையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்துக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவன். ஹாஜிரா பீயிடம் படித்தவன். போனில் சொன்னபடி மறுநாள் வந்தான். முப்பது வயதிருக்கும், பளிச்சென்று சிரிக்கிற முகம். லிப்டுக்கு எதிரே ஒரே ஒரு விளக்கை மட்டும் மாதிரிக்கு மாட்டிவிட்டு, வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொன்னான்.

"அக்கா, நீங்க நடந்து வாங்க. செக்ரட்டரி நடந்தாத்தான் மரியாதை."

ஸ்வர்ணலதா வெட்கப்பட்டுக்கொண்டே நடந்தாள். அவள் தலைக்கு மேல் விளக்கு பளீரென்று எரிந்தது. கூட்டத்தில் குழந்தைகள் கத்தினார்கள். பெரியவர்களும் கத்தாத குறைதான். அந்த வெள்ளை வெளிச்சத்தில் அவள் நின்ற விதத்தை இசக்கிமுத்து பார்த்தார். கழுத்தை நிமிர்த்தி, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஆனால் எங்கேயும் ஒளிந்துகொள்ள விரும்பாமல். கல்யாண மேடையில்கூட அவள் தலை குனிந்துதான் இருந்தாள்.

எல்லோரும் போன பிறகு, மதியம் அவர் தனியாகக் கீழே இறங்கிப் போனார். அந்த விளக்குக்குக் கீழே நடந்து பார்த்தார். அவருக்கும் எரிந்தது. கொஞ்சம் தள்ளி நின்றார், அணைந்தது. ஜெனரேட்டர் அறைப் பக்கமிருந்து ஒரு பூனை வந்து குறுக்கே போனது. அதற்கும் எரிந்தது. அவர் படியேறி வந்துவிட்டார்.

வாசலில் கூரியர்க்காரன் ஒரு பார்சலோடு நின்றிருந்தான். வாட்ச்மேன் இவரைக் கை காட்டி, "தோ போறாரு பாரு, செக்ரட்டரியம்மா வூட்டுக்காரு. அவராண்ட குடுத்துட்டு கையெழுத்து வாங்கிக்கினு போ," என்றான். இசக்கிமுத்து கையெழுத்துப் போட்டார். பார்சல் ஸ்வர்ணலதாவுக்குத்தான் வந்திருந்தது.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் விஜயராகவன் உலாத்திக்கொண்டிருந்தார். மயிலாப்பூரில் பூர்வீக வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தவர். எந்தக் கூட்டத்திலும் எதையாவது எதிர்த்துவிட்டு உட்காருவதுதான் அவருக்குப் பிடித்த காரியம். இசக்கிமுத்து அவரோடு சேர்ந்து நடந்தார். வெயில், முட்டி வலி, மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் என்று இரண்டு சுற்று போனது. மூன்றாவது சுற்றில், தானாக வாயில் வந்ததுபோல, "அந்த லைட்டுதான் சார் எனக்கு என்னமோ சரியாப் படல," என்றார்.

விஜயராகவன் நின்றுவிட்டார். "ஏன், உங்காத்துலதானே அதை முன்னே நின்னு பண்ணிண்டிருக்கா?"

"அவ நல்லதுக்குத்தான் பண்ணுதா. நான் தப்பு சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க. வயசான ஒருத்தரு வண்டி பக்கத்துல தலை சுத்தி விழுந்துட்டாருன்னு வைங்க. அசைவே இருக்காது. அசைவு இல்லைன்னா லைட்டு என்ன செய்யும்? அணைஞ்சுரும். இருட்டுக்குள்ள கெடக்குற மனுஷனை யாரு பாப்பா? நாங்க கடையில சொல்லுவோம் சார், சேலைய விரிச்சுக் காட்டாம வெலையச் சொல்லக் கூடாதுன்னு. எல்லாத்தையும் விரிச்சுக் காட்டணுமா இல்லையா?"

"பேஷான பாயிண்ட்," என்றார் விஜயராகவன். அவர் கண்ணில் ஒரு பிரகாசம் வந்ததை இசக்கிமுத்து கவனித்தார். "என் பேரு மட்டும் வேண்டாம் சார். வீட்டுல சண்டை வந்துரும்," என்று சொல்லிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் கூட்டம் நடந்தது. ஸ்வர்ணலதா எழுந்து நின்று, விளக்கை மாற்றுவதால் என்ன லாபம், பழைய விளக்குகளை என்ன செய்யப் போகிறோம், எத்தனை நாள் வேலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கையில் துண்டுச்சீட்டுகூட இல்லை. நேற்று ராத்திரி அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே உதடு அசைத்துக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அவருக்குப் புரிந்தது. பேசி முடித்தபோது பலர் தலையாட்டினார்கள். விஜயராகவன் எழுந்தார்.

"மேடம், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வயசானவா யாராவது கார் பக்கத்துல மயங்கி விழுந்துட்டான்னு வெச்சுக்கோங்கோ. அசைவு இருக்காது. அசைவு இல்லேன்னா லைட் அணைஞ்சுடும். இருட்டுல கெடக்கறவாளை யாரு பார்ப்பா? சேலையை விரிச்சுக் காட்டாம விலை சொல்லப்படாது இல்லையோ?"

ஸ்வர்ணலதாவின் பார்வை விஜயராகவன் மேல் ஒரு கணம்தான் இருந்தது. பிறகு அது கூட்டத்துக்குள் தேடி, பின்வரிசையில் இருந்த இசக்கிமுத்துவிடம் வந்து நின்றது. கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் யாரோ தெரிந்தவரைத் தூரத்தில் பார்த்துவிட்டு அவர்தானா என்று உறுதி செய்துகொள்வதைப்போலப் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்திக் கொட்டகையின் துருப்பிடித்த ஆணிகளை ஆராயத் தொடங்கினார்.

"நல்ல கேள்வி. எனக்கு இதுக்குப் பதில் தெரியல. விசாரிச்சுச் சொல்லுதேன்," என்றாள் ஸ்வர்ணலதா.

சலசலப்பு எழுந்தது. "ஆமா, நியாயம்தானே," என்றார்கள் சிலர். முடிவு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. இசக்கிமுத்துவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகி இறங்கியது. இனி அவள் தன்னிடம் வருவாள் என்று நினைத்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லப் போகிற பதில்கூட அவரிடம் தயாராக இருந்தது.

அவள் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் "சாப்பிட வாங்க", "பால் வாங்கியாச்சு", மகளைப் பற்றி "தாரணி போன் பண்ணினா" என்பதோடு பேச்சு நின்றது. முகம் வாடவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அதுதான் அவரைப் படுத்தியது. வியாழக்கிழமை அவளும் ஹாஜிரா பீயும் ஆட்டோ பிடித்து எங்கோ போனார்கள். மதியம் அவருடைய போன் அடித்தது. மேசையில் குப்புறக் கிடந்தது அடித்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் அவருக்குக் கீழே வேலை பார்த்த மகேஷ்.

"அண்ணாச்சி, அக்கா வந்துட்டுப் போனாங்க. கார் பார்க்கிங்ல லைட்டெல்லாம் பாக்கணும்னாங்க. நான்தான் கூட்டிட்டுப் போனேன். என்ன விவரமா கேக்காங்க அண்ணாச்சி! எங்க மெயின்டெனன்ஸ் ஆளே திணறிட்டான். முதலாளிகூட வந்து பேசிட்டு, 'அண்ணாச்சி வீட்டுல இப்படி ஒரு ஆளா'ன்னு ஆச்சரியப்பட்டாரு."

"அப்படியா," என்றார் இசக்கிமுத்து. "பட்டு மாடிக்கு வந்தாளா?"

"வந்தாங்களே. ரொம்ப நேரம் நின்னுட்டுத்தான் போனாங்க. காப்பி வாங்கிக் குடுத்தோம்."

போனை மறுபடியும் மேசை மேல் குப்புற வைத்தார். லிப்ட், தண்ணி லாரி, வாட்ச்மேன் எல்லாம் அவளே வைத்துக்கொள்ளட்டும். அது அவருடைய கடை. அந்த மாடியின் தரைவிரிப்பில் அவர் செருப்பில்லாத கால் பட்டுத் தேய்ந்த தடம் உண்டு. அங்கே போய் நின்று, அவருக்குக் காப்பி கொண்டு வந்த பையன்கள் கையால் காப்பி வாங்கிக் குடித்து, அவருடைய முதலாளி வாயால் பாராட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒருதடவை அந்தப் பக்கம் போயிருந்தார். "உக்காருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்கள். அன்றைக்குக் காப்பி வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்வர்ணலதா பதிலோடு வந்தாள். எல்லா விளக்கும் முழுதாக அணையாது. லிப்ட் பக்கம், சரிவுப் பாதை, ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று என்று சின்ன விளக்குகள் எப்போதும் மங்கலாக எரியும். ஆள் வந்தால் பெரிய விளக்கு எரியும். அதுபோக வாட்ச்மேன் சுற்றி வருகிற நேரங்கள் கூட்டப்படும். "போன வாரம் கேட்ட கேள்வி இல்லன்னா இது தோணியிருக்காது. கேட்டவங்களுக்கு நன்றி," என்றாள். இந்தமுறை பின்வரிசையைப் பார்க்கவில்லை. முதலில் கை தட்டியவர் விஜயராகவன். "மேடம் நன்னா ஹோம்வொர்க் பண்ணிண்டு வந்திருக்கா," என்று பக்கத்திலிருந்த இசக்கிமுத்துவின் தொடையில் தட்டிச் சொன்னார்.

ரெஹானின் ஆட்கள் வந்து வேலையை முடித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை கீழ்த்தளத்தில் எல்லோரும் கூடினார்கள். கேசரி வந்தது. ஹாஜிரா பீ ஸ்வர்ணலதாவுக்குச் சால்வை போட்டாள். குழந்தைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி ஓடி விளக்குகளை எழுப்பினார்கள். யாரோ குரூப் போட்டோ என்றார்கள். இசக்கிமுத்து தலையை வாரிக்கொண்டு, கூட்டத்தில் ஸ்வர்ணலதாவின் பக்கமாக நகரத் தொடங்கியபோது ரெஹான் தன் போனை நீட்டினான்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்களே ஒண்ணு எடுத்துடுறீங்களா? நான் அக்கா பக்கத்துல நின்னுக்கிறேன்."

அவர் எடுத்தார். சின்னத் திரைக்குள் நடுவில் அவள் சால்வையோடு நின்றாள், இந்தப் பக்கம் ரெஹான், அந்தப் பக்கம் ஹாஜிரா பீ. "இன்னும் கொஞ்சம் சிரிங்க," என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் தாரணி அன்று ராத்திரியே அந்தப் படத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். 'எங்க அம்மா' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கிரீடம் போட்டிருந்தாள். இசக்கிமுத்து அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார். எங்கும் கிளம்புகிற எண்ணமில்லை. அவர்களுடைய கார் கடைசி வரிசையில் மூலையில் நிற்கும். வரிசைக்கு ஒன்றாக எரிகிற மங்கல் விளக்கு அந்த மூலைக்குச் சரியாக எட்டாது என்பதை அவர் கேசரி சாப்பிடும்போதே பார்த்து வைத்திருந்தார். நடந்துபோகப் போக ஒவ்வொரு விளக்காக எரிந்தது. காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். வெளிச்சம் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு பட்டென்று போனது.

இருட்டில் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆள் இருக்கும்போதே அணைந்துவிட்டது. குற்றம் இருக்கிறது. எல்லோரும் கை தட்டிச் சால்வை போட்ட காரியத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தவர் அவர். யாரிடம் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியவில்லை. திடீரென்று முன்வரிசை விளக்கு எரிந்தது. பிறகு அடுத்தது. ஸ்வர்ணலதா வந்துகொண்டிருந்தாள். தலைக்கு மேல் விளக்கு எரிய, குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கையை ஆட்டினாள். அவர் கதவைத் திறந்தார்.

"வாட்ச்மேன் சொன்னான், சார் கீழ போனாரு, இன்னும் வெளிய வரலன்னு. நெஞ்சு அடைச்சுப்போச்சு எனக்கு. என்ன பண்ணுதீங்க இங்க?"

"பாக்கேன்," என்றார். "இந்த மூலையில லைட்டு அணைஞ்சிருது. நான் உள்ளதான் இருக்கேன். ஆளு இருக்கும்போதே அணைஞ்சுபோச்சு." குரலில் இருந்த குதூகலத்தை அவரால் மறைக்க முடியவில்லை.

ஸ்வர்ணலதா மேலே விளக்கைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். "கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு உள்ள இருந்தா அதுக்கு நீங்க இருக்கதே தெரியாதுங்க," என்றாள் மெதுவாக. "கண்ணாடி மறைக்கும்னு ரெஹான் சொன்னான். கதவு தொறந்தே இருக்கட்டும்."

சுற்றி வந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதையும் சாத்தவில்லை. "இப்பப் பாப்போம். அசையாதீங்க."

இருவரும் அசையாமல் உட்கார்ந்தார்கள். கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் படம் எடுத்தபோதுகூட இப்படி உட்கார்ந்ததில்லை. அவளிடமிருந்து தாளித்த கடுகின் வாசனை வந்தது. விளக்கு அணைந்தது. தூரத்தில் லிப்ட் பக்கத்து மங்கல் வெளிச்சம் மட்டும் தரையில் கொஞ்சம் கிடந்தது. அவள் முகம் தெரியவில்லை.

"அணைஞ்சுருச்சு," என்றாள். "நீங்க சொன்னது சரிதான். இந்த மூலைக்கும் ஒரு சின்ன லைட்டு போடச் சொல்லணும்."

ஜெயித்ததுபோல் அவருக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். ஆனால் அசைந்தால் வெளிச்சம் வந்துவிடும்.

"விஜயராகவன் சாருக்குச் சேலை விரிக்கத் தெரியாது," என்றாள் ஸ்வர்ணலதா.

அவருடைய முழங்கையில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. அவர் அதை அடிக்கவில்லை.

"நல்ல கேள்விதான் அது. வீட்டுல வெச்சு என்கிட்டயே கேட்டிருக்கலாம். ஊரைக் கூட்டி வெச்சு, இன்னொருத்தர் வாயால."

"நீ ஏன் கடைக்குப் போன?" என்றார் அவர். கேட்கவேண்டும் என்று நினைத்தது அதுவல்ல. ஆனால் அதுதான் வந்தது. குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "மெட்ராஸ்ல லைட்டு பாக்க வேற எடமே இல்லையா? அது என் கடை. நான் இல்லாத நேரத்துல அங்க போயி, மகேஷ்கிட்ட காப்பி வாங்கிக் குடிச்சு..."

பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"உங்க கடைதான்," என்றாள். "இத்தனை வருஷத்துல என்னை ஒருநாள் அங்க கூட்டிட்டுப் போயிருப்பீங்களா? எனக்குச் சேலைன்னாக்கூட நீங்களே எடுத்துட்டு வந்து குடுப்பீங்க. 'கூட்டமா இருக்கு, நீ எதுக்கு'ன்னு சொல்லுவீங்க. தீபாவளி வந்தா வீட்டுக்கே வரமாட்டீங்க. தாரணி 'அப்பா எங்க'ன்னு அழும். நான் அந்தக் கடைய எப்படித் திட்டியிருக்கேன் தெரியுமா? அங்க அப்படி யாரு இருக்கா, என்னதான் இருக்குன்னு மனசு கெடந்து எரியும். லைட்டு ஒரு சாக்கு. லைட்டு நான் எங்க வேணாலும் பாத்திருப்பேன்."

கொசு அவர் முழங்கையிலிருந்து எழுந்து போனது.

"மேல மாடிக்குப் போனேன். ஒரு பொண்ணு பட்ட விரிச்சுக் காட்டிக்கிட்டிருந்தா. முழங்கையில ஒரு வீசு வீசுனா, அப்படியே தரையில போயி விழுந்துது. நீங்களும் இப்படித்தான் விரிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். எத்தனை பொம்பளைங்க உக்காந்து அதப் பாத்திருப்பாங்க! நான் ஒருநாள்கூடப் பாக்கலியே."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. வாய்க்கு வந்த முதல் வார்த்தை "அது அப்படி இல்ல" என்பதாக இருந்தது. அதை விழுங்கினார். மடியில் கிடந்த தன் கைகளை இருட்டில் தேடினார், அவை எங்கோ யாருடையவையோ போலக் கனத்துக் கிடந்தன. வலது கையை அவள் பக்கம் நகர்த்தலாமா என்று ஒரு யோசனை வந்தது. நகர்த்தினால் மேலே விளக்கு எரியும், அவள் முகம் தெரியும், அவர் முகமும் அவளுக்குத் தெரியும்.

மேலே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கார் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் வரிசை விளக்கு எரிந்தது. டயர் தரையில் கிரீச்சிட்டுத் திரும்பியது. இரண்டாவது வரிசை எரிந்தது, வெளிச்சத்துக்குள் தூண்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கார் அவர்கள் பக்கம் திரும்பி மெல்ல வந்துகொண்டிருந்தது. திறந்த இரண்டு கதவுகளுக்கு நடுவே இருவரும் அப்படியே இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரே ஒரு வரிசை மட்டும் இன்னும் இருட்டில் இருந்தது.